குவியலுக்குள் எங்கே கை விடுவது: தோராய வினவலுக்கும் தகவமையும் வினவலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு முறைக்காகக் காத்திருக்கும் விவசாயியிடம் பேச்சுக் கொடுத்தால், மாதிரி எடுப்பதன் முதல் பாடத்தை அவரே சொல்லிவிடுவார். குவியலின் மேல்நெல் வெயிலில் காய்ந்திருக்கும், உள்நெல் ஈரம் கோத்திருக்கும். மேலாக ஒரு கைப்பிடி அள்ளி ஈரப்பதமானியில் போட்டால் 16 சதவீதம் காட்டும். முழங்கை வரை உள்ளே விட்டு அள்ளினால் 19 காட்டும். வழக்கமான உச்சவரம்பு 17. மழை அடித்த ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியதும் உண்டு. குவியல் முழுவதையும் அளந்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று யாரும் அடம்பிடிப்பதில்லை. கையை எங்கே விடுவது என்பதில்தான் தகராறு.

வினவல் என்பது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. அதில் தோராய வினவல் என்பதும் இந்தத் தகராறுதான். கோடிக்கணக்கான வரிகளை ஒன்றுவிடாமல் படித்துத் துல்லியமான விடை தர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில், சில ஆயிரம் வரிகளைப் படித்து ஒரு நொடியில் ‘ஏறத்தாழ இவ்வளவு’ என்று சொல்வது. அந்த ‘ஏறத்தாழ’ எவ்வளவு அகலம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அகலம் சொல்லாத தோராயம் வெறும் வதந்தி. தகவமையும் வினவல் என்பது ஓடும்போதே தன் வேலைத் திட்டத்தை மாற்றிக்கொள்ளும் வினவல். அதை ஏழாம் படியில் பார்ப்போம்.

இந்த வழிகாட்டிக்கு இரண்டு கற்பனைத் தரவுகளை வைத்துக்கொள்வோம். முதலாவது, டெல்டா மாவட்டங்களின் நெல்வரவுப் பட்டியல். வரிக்கு ஒரு சுமை: நேரம், நிலையம், விவசாயி எண், ரகம், 40 கிலோ சிப்பங்கள் எத்தனை, ஈரப்பதம். மொத்தம் 2 கோடி வரிகள். இது ஏரித் தண்ணீர், நாம் வரும்வரை அசையாமல் இருக்கும். இரண்டாவது, கல்லணைக்குக் கீழே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் மதகுகளில் பொருத்திய நீர்மட்டக் கருவிகள் இரவும் பகலும் அனுப்பும் அளவுகள். இது ஆற்றுத் தண்ணீர். போனது போனதுதான்.

முதல் படி: எவ்வளவு தவறலாம் என்று எழுதி வையுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். இந்த வாரச் சராசரி ஈரப்பதம் 18.4 என்றாலும் 18.6 என்றாலும் எடுக்கப்போகும் முடிவு மாறாது. அங்கே தோராயம் போதும். ஒரு விவசாயியின் வங்கிக் கணக்கில் எத்தனை சிப்பத்துக்குப் பணம் போட வேண்டும் என்ற கேள்வியில் ஒரு சிப்பம்கூடப் பிசகக் கூடாது. அதைத் தோராய அமைப்பின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

தவறிலும் இரண்டு வகை உண்டு. வினாடிக்கு 10,000 கனஅடி ஓடும் இடத்தில் நம் மதிப்பீடு 3 சதவீதம் பிசகினால் ஒரு நாளைக்கு 2 கோடியே 59 லட்சம் கனஅடி. இந்தப் பிசகு ஒருநாள் கூடவும் ஒருநாள் குறையவும் இருந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போகும். முப்பது நாளில் சுமார் ஐந்தரை மடங்குதான் சேரும். எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்த பிசகு என்றால் முழுதாக முப்பது மடங்கு சேரும். முதல் வகையை வரிகளைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டாவது வகைக்கு அது மருந்தல்ல, மேல்நெல்லையே ஆயிரம் கைப்பிடி அள்ளினாலும் உள்ஈரம் தெரியாது.

இரண்டாம் படி: மாதிரியை நேர்மையாக எடுங்கள்

2 கோடி வரிகளில் 10,000 வரிகளைச் சமவாய்ப்பாக எடுக்கிறோம். சராசரி ஈரப்பதம் 18.4, திட்டவிலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.5 என்று வருகிறது. 10,000இன் வர்க்கமூலம் 100. 2.5ஐ 100ஆல் வகுத்தால் 0.025. அதை ஏறத்தாழ இரண்டால் பெருக்கினால் 0.05. ஆகவே 95 சதவீத நம்பிக்கையோடு 18.35க்கும் 18.45க்கும் நடுவே என்று சொல்லலாம். வெறும் 400 வரிகள் எடுத்திருந்தால்? வர்க்கமூலம் 20, பிழை வரம்பு 0.25. பல முடிவுகளுக்கு அதுவே தாராளம்.

இந்தக் கணக்கில் 2 கோடி என்ற எண் எங்கேயும் வரவில்லை என்பதைப் பாருங்கள். பட்டியல் 20 கோடி ஆனாலும் அதே 10,000 வரிகள் அதே துல்லியத்தைத் தரும். புதிதாக வருபவர்கள் ‘ஒரு சதவீதம் எடுக்கலாமா, ஐந்து சதவீதமா’ என்று கேட்பார்கள். சதவீதம் பொருட்டல்ல, எத்தனை வரி என்பதே பொருட்டு. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு வரிகள் வேண்டும். பத்தில் ஒன்றாக்க நூறு மடங்கு. துல்லியம் எவ்வளவு விலை உயர்ந்த சரக்கு என்பது இங்கே தெரியும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் 9.5ஆம் பதிப்பிலிருந்து டேபிள்சாம்பிள் என்ற வசதியைத் தருகிறது. அதில் பெர்னூலி, சிஸ்டம் என்று இரண்டு முறைகள். பெர்னூலி ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக நாணயம் சுண்டுகிறது. மாதிரி சுத்தம். ஆனால் அதற்காக அட்டவணை முழுவதையும் ஒருமுறை படித்தாக வேண்டும் என்பதால் வட்டின் வேலை மிச்சமாவதில்லை. சிஸ்டம் முறையோ பக்கங்களில், அதாவது வட்டில் வரிகளைச் சேர்த்து வைக்கும் 8 கிலோபைட் துண்டுகளில், சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தில் இருப்பவற்றை அப்படியே அள்ளிக்கொண்டு வருகிறது. மின்னல் வேகம். அந்த வேகத்தில் மயங்கி நான் சிஸ்டத்தைப் போட்டேன். மூன்றுமுறை ஓட்டினேன்: 17.8, 18.1, 19.2. பிழை வரம்பு 0.05 என்று எழுதிய காகிதம் மேசையில் இருக்கிறது.

நடந்தது இதுதான். பட்டியல் வந்த வரிசையில் சேமிக்கப்பட்டிருந்தது. ஒரு பக்கத்தில் இருக்கும் நூறு சொச்சம் வரிகளும் ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து நிலையங்கள், ஒரே மழை. நூறு வரி எடுத்ததாக நான் நினைத்தேன். உண்மையில் ஒரு தகவலை நூறுமுறை எடுத்திருக்கிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒன்றாகக் கொதித்த பானைக்குத்தான். இங்கே இருந்தவை பல ஆயிரம் தனித்தனிப் பானைகள்.

தீர்வுகள் இரண்டு. பக்கத்தை ஓர் அலகாக வைத்து, பக்கச் சராசரிகளுக்கு இடையிலான விலக்கத்தைக் கொண்டு பிழையைக் கணக்கிடலாம். விடை அகலமாக வரும், ஆனால் பொய்யாக இராது. அல்லது ஒருமுறை வரிகளைக் கலைத்துத் தனி மாதிரி அட்டவணையாகச் சேமித்து, இரவுதோறும் புதுப்பிக்கலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். கலைத்த அட்டவணையில் முதல் 10,000 வரிகளே நல்ல மாதிரி. கலைக்காத அட்டவணையில் முதல் 10,000 வரிகளை எடுத்தால் முழுக்கக் குறுவையாக இருக்கும், சம்பாவும் தாளடியும் கண்ணிலேயே படாது.

மூன்றாம் படி: கடைமடைக்கும் தண்ணீர் போக வேண்டும்

சமவாய்ப்பு மாதிரிக்கு ஒரு குணம்: பெரியவற்றுக்கு நிறையக் கொடுக்கும், சின்னவற்றை மறந்துவிடும். 2 கோடியில் 10,000 என்றால் இரண்டாயிரத்துக்கு ஒன்று. வேதாரண்யம் பக்கம் ஒரு சின்ன நிலையத்தில் மொத்தமே 2,000 சுமைகள் என்றால் அதிலிருந்து சராசரியாக ஒரே வரிதான் வரும். நிலையவாரியாகக் கேட்டால் அந்த நிலையம் விடையிலேயே இல்லாமல் போகலாம்.

அதற்காகத்தான் அடுக்கு மாதிரி. நிலையம் பெரிதோ சிறிதோ, ஒவ்வொன்றிலிருந்தும் 500 வரிகள். கூடவே ஒவ்வொரு வரிக்கும் எடை: அது எத்தனை வரிகளுக்குப் பிரதிநிதி? 1,00,000 சுமை வந்த நிலையத்தில் ஒரு வரியின் எடை 200. 2,000 சுமை வந்த நிலையத்தில் எடை 4. இந்த எடையை மறந்தால் என்ன ஆகும்? பெரிய நிலையத்தின் சராசரி 17, சின்னதின் சராசரி 20 என்றால் எடை போடாத மொத்தச் சராசரி 18.5 வரும். எடை போட்டால் 17.06. முதல் எண்ணைப் பார்ப்பவர் கொள்முதலையே நிறுத்தச் சொல்வார். எடையை ஒரு தனிப் பத்தியாகவே (நெடுவரிசையாகவே) மாதிரி அட்டவணையில் சேமித்துவிடுங்கள், நினைவை நம்பாதீர்கள்.

எந்தப் பத்திகளால் அடுக்குவது? மக்கள் எதைக் கொண்டு பிரித்துக் கேட்கிறார்களோ அதைக் கொண்டு. 2013இல் வெளிவந்த பிளிங்க்டிபி ஆய்வு இதைத்தான் முறைப்படுத்தியது: பழைய வினவல்களைப் பார்த்து எந்தப் பத்திகளுக்கு அடுக்கு மாதிரி செய்து வைப்பது என்று தீர்மானிப்பது, பயனர் பிழை வரம்பையோ நேர வரம்பையோ சொன்னால் அதற்கேற்ற அளவு மாதிரியை எடுப்பது.

மாதிரி எதற்கு ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உச்சம், நீசம் இரண்டுக்கும் ஆகாது. மிக ஈரமான ஒரு சுமை மாதிரியில் விழுந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. விவசாயி எண்ணைக் கொண்டு இணைக்க வேண்டிய இரண்டு பட்டியல்கள் இருந்து, இரண்டிலும் தனித்தனியே 1 சதவீதம் எடுத்து இணைத்தால் இணைப்பில் பதினாயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சும். அங்கே விவசாயி எண்ணை ஹாஷ் செய்து, அதாவது ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே விடை வரும்படி வேறொரு கலக்கிய எண்ணாக மாற்றி, இரண்டு பக்கமும் அதே விவசாயிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடையில் ஒரு கவர்ச்சி உண்டு. 1997இல் ஹெல்லர்ஸ்டீன், ஹாஸ், வாங் மூவரும் முன்வைத்த ஆன்லைன் அக்ரிகேஷன் என்ற வழியில், வினவல் ஓட ஓட விடையும் பிழை வரம்பும் திரையில் சுருங்கிக்கொண்டே வரும். போதும் என்றபோது நிறுத்தலாம். அருமையான ஏற்பாடு. ஆனால் விடை தனக்குப் பிடித்த எண்ணைத் தொடும்வரை காத்திருந்து நிறுத்தும் கை எல்லோருக்கும் இருக்கிறது. நிறுத்தும் அகலத்தை முதல் படியிலேயே எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நான்காம் படி: ஓடும் தரவிலிருந்து மாதிரி

ஆற்றில் மொத்தம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாது. தெரியாத மொத்தத்திலிருந்து சரிசமமான மாதிரி எப்படி எடுப்பது? 1985இல் விட்டர் எழுதிய கட்டுரையால் பரவலான ரிசர்வாயர் முறை, அதாவது நீர்த்தேக்க முறை, இதற்கு விடை. மேட்டூரின் நிழலில் வாழும் நமக்குப் பெயரே பிடித்துப்போகும்.

மூன்று இடமுள்ள தேக்கத்தை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று அளவுகளும் கேள்வியின்றி உள்ளே. நான்காவது வரும்போது 1 முதல் 4 வரை ஓர் எண்ணைக் குலுக்கியெடுங்கள். மூன்றைத் தாண்டி 4 வந்தால் புதியதை விட்டுவிடுங்கள். 2 வந்தால் இரண்டாம் இடத்தில் இருப்பதை வெளியேற்றிப் புதியதை வையுங்கள். ஐந்தாவதுக்கு 1 முதல் 5 வரை, ஆறாவதுக்கு 1 முதல் 6 வரை. அவ்வளவுதான்.

சரியா என்று சோதிப்போம். நான்காவது உள்ளே வரும் வாய்ப்பு நான்கில் மூன்று. ஏற்கெனவே இருந்த ஒன்று வெளியேறும் வாய்ப்பு, நான்கில் மூன்று பெருக்கல் மூன்றில் ஒன்று, அதாவது நான்கில் ஒன்று. ஆக அது நிலைக்கும் வாய்ப்பும் நான்கில் மூன்று. முந்தி வந்தவருக்கும் பிந்தி வந்தவருக்கும் ஒரே நீதி. கோடி வரிகள் கடந்தாலும் கணக்கு இப்படியே நிற்கும். நினைவகத்தில் எப்போதும் மூன்றே இடம்.

ஐந்தாம் படி: ஸ்கெட்ச் என்னும் சுருக்கங்கள்

இந்தப் பருவத்தில் நெல் கொண்டுவந்த தனித்தனி விவசாயிகள் எத்தனை பேர்? மாதிரியால் இதற்கு விடை சொல்ல முடியாது. ஒருமுறை வந்தவரும் பத்துமுறை வந்தவரும் மாதிரியில் பெரும்பாலும் ஒரேமுறைதான் தென்படுவார்கள். இங்கே ஸ்கெட்ச் வேண்டும்: எல்லா வரிகளையும் ஒருமுறை பார்த்து, சின்ன இடத்தில் வைத்துக்கொள்ளும் சுருக்கம்.

நாணயம் சுண்டிக்கொண்டிருக்கும் ஒருவர், தொடர்ந்து பத்துத் தலை விழுந்ததாகச் சொன்னால், அவர் சுமார் ஆயிரம் முயற்சிகளாவது செய்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஹைப்பர்லாக்லாக் என்ற ஸ்கெட்ச் இந்த ஊகத்தைத்தான் செய்கிறது. ஒவ்வொரு விவசாயி எண்ணையும் ஹாஷ் செய்து, அதை 0, 1 என்ற இரும வடிவில் எழுதினால் தொடக்கத்தில் எத்தனை சுழியங்கள் தொடர்ச்சியாக வந்தன என்று பார்த்து, அதிகபட்சத்தை மட்டும் நினைவில் வைக்கிறது. அதே விவசாயி நூறுமுறை வந்தாலும் ஹாஷ் ஒன்றே என்பதால் எண்ணிக்கை கூடாது. ஒரே ஊகத்தை நம்பாமல் பல ஆயிரம் வாளிகளாகப் பிரித்துச் சராசரி எடுக்கிறது. ஃப்ளஜோலே, மார்ட்டின் இருவரின் 1985 யோசனையில் தொடங்கி 2007இல் ஃப்ளஜோலேயும் கூட்டாளிகளும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1.04ஐ வாளிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை. ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வைத்திருக்கும் 16,384 வாளிகளுக்கு அது 0.81 சதவீதம், இடம் 12 கிலோபைட். கோடிப் பேரின் எண்ணிக்கை 12 கிலோபைட்டில்!

எனக்கு இதில் மிகப் பிடித்தது சேர்க்கும் வசதி. திருவாரூரின் சுருக்கத்தையும் நாகப்பட்டினத்தின் சுருக்கத்தையும் வாளிக்கு வாளி பெரியதை எடுத்து ஒன்றாக்கினால் இரண்டு மாவட்டங்களுக்கும் சேர்த்த எண்ணிக்கை வந்துவிடும். இரண்டு இடத்திலும் நெல் போட்டவர் ஒருமுறையே எண்ணப்படுவார். வெறும் எண்களைக் கூட்டியிருந்தால் அவர் இரண்டுமுறை வந்திருப்பார். ஒரே குறை, ஒருமுறை சேர்த்தவரை நீக்க வழியில்லை.

எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை சுமை என்ற கேள்விக்குக் கவுண்ட்-மின் ஸ்கெட்ச், 2005இல் கோர்மோடும் முத்துகிருஷ்ணனும் வெளியிட்டது. 5 வரிசை, வரிசைக்கு 2,719 கட்டம். கிராமத்தின் பெயரை ஐந்து விதமாக ஹாஷ் செய்து, வரிசைக்கு ஒரு கட்டத்தில் ஒன்று கூட்டுவது. கேட்கும்போது ஐந்தில் சிறியதைச் சொல்வது. இது சரியாகவோ கூட்டியோ சொல்லும், குறைத்துச் சொல்லாது. மேலே சொன்ன அளவுகளில், 100க்கு 99 வாய்ப்பில் மொத்தத்தின் 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது.

0.1 என்பது சின்னதாகத் தெரிகிறதா? மொத்தம் 1 கோடிச் சுமை என்றால் அது 10,000. உண்மையில் 300 சுமை அனுப்பிய கிராமம் 10,300 என்றுகூடத் தென்படலாம். ஆகவே முன்னணிக் கிராமங்களைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்துங்கள். சின்னக் கிராமத்தின் எண்ணை இதிலிருந்து எடுத்து எந்த அறிக்கையிலும் எழுதாதீர்கள்.

நடுவெண் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்), 95ஆம் சதமானம் (நூற்றுக்கு 95 அளவுகள் அடங்கும் எல்லை) போன்றவற்றுக்குத் தனிச் சுருக்கங்கள் உள்ளன. அவற்றில் டி-டைஜஸ்ட் கைக்கு அடக்கமானது. நிலையவாரி நடுவெண்களைச் சராசரி எடுத்து மொத்த நடுவெண் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஆறாம் படி: தாமதமாக வருபவை, தள்ளிவிட வேண்டியவை

கடைமடை மதகின் கருவி காலை 6:05க்கு அளந்ததை, சிக்னல் கிடைக்காமல் 6:45க்கு அனுப்புகிறது. 6:00 முதல் 6:15 வரையான காலச்சாளரத்துக்கு விடை ஏற்கெனவே போய்விட்டது. அளந்த நேரம் வேறு, வந்து சேர்ந்த நேரம் வேறு. கணக்கு எப்போதும் அளந்த நேரத்தில். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு வாட்டர்மார்க் என்று பெயர்: இந்த நேரத்துக்கு முந்தியவை அனேகமாக வந்துவிட்டன என்ற அறிவிப்பு. நான் இரண்டு விடை தருவேன். சாளரம் மூடியதும் ‘தற்காலிகம்’ என்ற முத்திரையோடு ஒன்று, ஒரு மணி நேரம் கழித்து ‘இறுதி’ என்று ஒன்று. எத்தனை கருவிகளில் எத்தனை பேசின என்பதையும் விடையின் பக்கத்திலேயே போட்டுவிடுவேன்.

தரவு வெள்ளமாக வந்து கணினி திணறும்போது நான்கில் ஒன்றை மட்டும் எடுத்து நான்கால் பெருக்குவது முறைதான். ஆனால் எச்சரிக்கை அளவுகளை இந்தச் சல்லடையில் போடாதீர்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் கட்டிய அணை. அப்படியான நிகழ்வு ஒருமுறைதான் வரும், அதை நான்கால் பெருக்க முடியாது. சராசரிக்குப் போகும் பாதை வேறு, அபாயத்துக்குப் போகும் பாதை வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுங்கள்.

ஏழாம் படி: ஓடும்போதே திட்டத்தை மாற்றுவது

1979இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் தரவுத்தளம் காட்டிய வழியில்தான் இன்றும் பெரும்பாலான தரவுத்தளங்கள் நடக்கின்றன: புள்ளிவிவரத்தைப் பார்த்து முதலில் திட்டம், பிறகு திட்டப்படி ஓட்டம். புள்ளிவிவரம் நவம்பரில் எடுத்தது, வினவல் பிப்ரவரியில் ஓடுகிறது என்றால்? சம்பா அறுவடையில் லட்சம் வரிகள் வரும் இடத்தில் ஆயிரம்தான் என்று நினைத்து ஆப்டிமைசர், அதாவது தரவுத்தளத்தின் திட்டமிடும் பகுதி, போட்ட திட்டம் விடியவிடிய ஓடும். இதற்குத்தான் தகவமையும் வினவல். பெருந்தரவைக் கையாளும் ஸ்பார்க் மென்பொருளின் 3.0 பதிப்பு 2020இல் இதைக் கொண்டுவந்தது: ஒரு கட்டம் முடிந்ததும் உண்மையில் எத்தனை வரிகள் வந்தன என்று பார்த்து, மீதிக் கட்டங்களின் இணைப்பு முறையையும் பங்கீட்டையும் மாற்றிக்கொள்கிறது. 3.2 பதிப்பிலிருந்து சொல்லாமலே இயங்கும்.

ஓடும் தரவில் கட்டம் முடிவதே இல்லை. அங்கே 2000ஆம் ஆண்டில் அவ்னூரும் ஹெல்லர்ஸ்டீனும் சொன்ன எடி, அதாவது நீர்ச்சுழி, கைகொடுக்கும். இரண்டு வடிகட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது: ஈரப்பதம் 17க்கு மேலா? இரண்டாவது: நிலையம் நாகை மாவட்டமா? வெயில் நாளில் 100 சுமைகளில் முதல் வடிகட்டியை 10 தாண்டும், இரண்டாவதை 50 தாண்டும். ஈரத்தை முதலில் பார்த்தால் 100 கூட்டல் 10, மொத்தம் 110 சோதனை. மாவட்டத்தை முதலில் பார்த்தால் 150. மழை நாளில் ஈர வடிகட்டியை 90 தாண்டுகிறது. இப்போது ஈரம் முதலில் என்றால் 190, மாவட்டம் முதலில் என்றால் அதே 150. காலையில் சரியான வரிசை மாலை மழையில் தவறாகிவிடுகிறது.

சுழி எந்த வரிசையையும் நிரந்தரமாக்குவதில்லை. ஒவ்வொரு சுமையும் சுழிக்குள் வரும், எந்த வடிகட்டிக்கு முதலில் அனுப்புவது என்று அந்தந்த நொடியில் முடிவாகும். வடிகட்டி ஒரு சுமையை வாங்கினால் அதற்கு ஒரு சீட்டு. தேறியது என்று சுழிக்கே திருப்பி அனுப்பினால் ஒரு சீட்டு கழியும், தள்ளிவிட்டால் கழியாது. நிறையக் கழித்துக்கட்டுபவரிடம் சீட்டு குவியும். குலுக்கலில் அவர் பெயர் அடிக்கடி வரும், அடுத்த சுமை அவரிடம் முதலில் போகும். குலுக்கல் என்பதால் சீட்டு குறைந்தவருக்கும் அவ்வப்போது முறை கிடைக்கும், அதனால்தான் மழை தொடங்கியது சுழிக்குத் தெரிகிறது. நீங்களே எழுதுவதாக இருந்தால் பழைய சீட்டுகள் காலப்போக்கில் காலாவதியாக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். நேற்றைய வெயிலின் சீட்டுகளை வைத்துக்கொண்டு இன்றைய மழையில் நிற்கும் சுழியை நானே எழுதியிருக்கிறேன். அதேபோல ஒவ்வொரு தூறலுக்கும் வரிசையைப் புரட்டினால் புரட்டுவதற்கே நேரம் போய்விடும்.

எட்டாம் படி: இரவில் சரிபாருங்கள்

இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில் அன்றைய கேள்விகளில் ஒன்றை முழுமையாக ஓட்டி, துல்லிய விடை நாம் சொன்ன வரம்புக்குள் விழுந்ததா என்று குறித்து வையுங்கள். 95 சதவீதம் என்று சொல்லியிருந்தால் நூறு இரவில் ஐந்து தவறும். முப்பது இரவில் ஒன்றிரண்டு தவறினால் பதற வேண்டாம். ஆறு தவறினால் மாதிரியிலோ பிழைக் கணக்கிலோ எங்கோ கோளாறு இருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் படியில் பார்த்தபடி, ஒரே பக்கத்து வரிகளை மொத்தமாக அள்ளியதுதான் காரணமாக இருக்கும். ஆண்டு முழுவதும் ஒன்றுகூடத் தவறவில்லை என்றால் வரம்பைத் தேவைக்கு மேல் அகலமாக வைத்து வேலையை வீணாக்குகிறீர்கள்.

திரையில் எப்படிக் காட்டுவது என்பது மிச்சம். நான் முதலில் 18.40 என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு 0.25 என்று சின்ன எழுத்தில் போட்டேன். பார்த்தவர்கள் எல்லோரும் 18.40ஐ மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். இப்போது நடு எண்ணைக் காட்டுவதே இல்லை. ‘18.1க்கும் 18.7க்கும் நடுவே, 400 சுமைகளிலிருந்து’ என்று ஒரே வரி. நோட்டிலும் அதையே எழுதிக்கொள்கிறார்கள்.